மார்கழி பஸ்ஸில் வேர்த்த குழந்தை

என் பிரியமுள்ள பிடிவாதக்கார மச்சானுக்கு,

இல்லவே இல்லை, இந்தமுறை நீ சொன்னதுதான் தப்பு. "தறி வூட்டுக் கொழந்தைக்கு வேர்க்காம இன்னாடா பண்ணும்?" என்று கடைசிவரை சாதித்தாய் அல்லவா? அது தறி வீட்டு வேர்வை இல்லை மச்சான். சுவரில் மாட்டின உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். செத்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்கிற தைரியத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. இருந்தபோது மட்டும் உன்னை எங்கே பேசவிட்டேன்?

உன் மகள் கவிதா எனக்கு மருமகளாக வந்து பெற்றாளே, நம் பேத்தி மதி, அவளைப் பற்றித்தான் பேச்சு. நீ போகும்போது எப்படி இருந்தாளோ, ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறாள். எடை ஏறவேயில்லை. அதே மாதம் பிறந்த எதிர்வீட்டுப் பிள்ளை தவழ்ந்து வந்து என் செருப்பைக் கடிக்கிறது. இவளுக்குக் கழுத்தே சரியாக நிற்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டால் ஃபேன் போடக்கூடாது. காற்றடித்தால் பட்டு இழை காய்ந்து அறுந்துவிடும். சித்திரையானாலும் நாம் வேர்த்து வழிந்துகொண்டுதான் நெய்வோம். தொட்டிலும் அந்த அறையில்தான். பால் குடிக்கும்போது மதியின் தலை நனைந்தால், அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? நீ எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். ஊரில் எந்தத் தறிக்காரன் எடுத்துக்கொள்வான்?

மார்கழியில் வந்தவாசியில் ஒரு கல்யாணம். விடியற்காலை பஸ். ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. காற்று ஊசி மாதிரி குத்துகிறது, எல்லாரும் மஃப்ளரும் போர்வையுமாக இருக்கிறார்கள். கவிதா முந்தானைக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். வெளியே எடுத்தபோது மதியின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

நான் சும்மா இருப்பேனா? "இன்னாம்மா, உங்கப்பன் மாரியே கீறாளே. அவனுக்கும் துன்னும்போதுதான் வேர்க்கும்" என்றேன்.

கவிதா சிரிக்கவில்லை. குழந்தையின் தலையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இங்க தறி இல்ல. காத்து கொட்டுது. இவளுக்கு எதுக்கு வேர்க்குது?"

கேலியை அங்கேயே விட்டுவிட்டுக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நான் கேலியைப் பாதியில் விட்டு நீ பார்த்திருக்கிறாயா? அதைப் பார்க்க நீ இல்லையே என்று அப்போதுகூட ஒரு நினைப்பு வந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாலு வாய் குடித்தால் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாளாம். அரைகுறையாகத் தூங்கி, பசித்து மறுபடி எழுந்து அழுகிறாளாம். ஒரு சளி போவதற்குள் அடுத்த சளி. தறிச் சத்தத்தில் நமக்கு அவள் மூச்சு எங்கே கேட்டது?

கல்யாணத்துக்குப் போகவில்லை. இறங்கியதும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. சட்டையைத் தூக்கி, விலா எலும்புக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு குழி விழுவதைக் காட்டினார். குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இதயத்தில் கோளாறு இருக்கும்போலத் தெரிகிறது என்றார். நான் பெரிய மேதாவியாட்டம், "ஒடம்பு நீலமா ஆவலீங்களே டாக்டரம்மா, அப்புறம் எப்படி இதயம்?" என்றேன்.

"எல்லாக் கொழந்தையும் நீலமாகாது தாத்தா. சிலதுக்கு வால்வுல கோளாறு இருக்கும், சிலதுக்கு ஓட்டை இருக்கும். பாக்கறதுக்கு செவப்பாவே இருக்கும். பால் குடிக்கறதுதான் இதுங்களுக்கு ஓட்டப் பந்தயம். அதான் வேர்க்குது."

எக்கோ என்று ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் கீழ் இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் பெரிய ஓட்டை. சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். "ஆமாங்க, என் மச்சான் பொண்ணுதான்" என்றேன், வழக்கமாகச் சொல்லும் பெருமையோடு. கவிதா தலை குனிந்துகொண்டாள். டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"சொந்தத்துல கொஞ்சம் வாய்ப்பு அதிகம்மா. ஆனா வெளியில கட்டினவங்களுக்கும் வருது. நீ சாப்பிட்டதாலயோ, நடந்ததாலயோ வரல. அடுத்த கொழந்தைன்னா வயித்துலயே ஸ்கேன் பாத்துக்கலாம். இப்ப இவளைப் பாப்போம்."

அங்கேயே அழுதுவிட்டாள் உன் மகள். இத்தனை மாதமாகப் பால் பத்தவில்லை, வளர்க்கத் தெரியவில்லை என்று யார் யாரோ சொன்னதை அவள் எங்கே வைத்திருந்தாளோ!

மருந்து கொடுக்கிறார்கள். மூச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆனால் மருந்து ஓட்டையை மூடாது, ஆபரேஷன்தான். வேலூரில் நாள் கொடுத்துவிட்டார்கள், வருகிற செவ்வாய்க்கிழமை. என் மகன்தான் பயந்தான். "கொஞ்சம் பெருசாவட்டும்பா, பச்ச ஒடம்பு" என்றான். நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டேன். கவிதா ஒரே பேச்சில் முடித்தாள்.

"பெருசாவறதுக்குத்தாங்க ஆபரேஷன். தள்ளிப்போட்டா நுரையீரலு கெட்டுப்போவும்னு சொல்லிட்டாங்க. நான் போறேன். வர்றவங்க வாங்க."

அந்தத் திமிர் உன்னிடமிருந்து வந்ததுதான், வேறு யாரிடமிருந்து?

பயமாகத்தான் இருக்கிறது மச்சான். நன்றாகத் தேறிவிடுவாள் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த நெஞ்சு என் உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. அதைத் திறந்து, உள்ளே...

ஏய், எங்கே எழுந்துவிட்டாய்? எனக்குத் தெரியும். கண் கலங்கினால் துண்டை உதறுகிற மாதிரி உதறிவிட்டு வாசலுக்குப் போய்விடுவாய். படத்துக்குள் இருந்துகொண்டும் அதே புத்தியா? சரி, போ. போகும்போதே கேட்டுக்கொள். ஆபரேஷன் அறைக் கதவுவரை மதியை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். கதவு மூடின பிறகு உன் மகளைத் தனியாக விடமாட்டேன். கதவு திறக்கும்வரை கேலி பேசமாட்டேன், இது சத்தியம். திறந்ததும் உன்னைப் பற்றி முதலில் சொல்லப்போவது என்னவென்றால்...

போய்விட்டாயா?

உன் தங்கச்சி புருஷன்,
உன் மகளுக்கு மாமன்.