உள்ளங்கை அளவுச் சட்டை

ஜூன் 3

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போன் செய்தாள். "பாப்பாவுக்குச் சட்டை கேக்கறாங்க. நாமதான் கொண்டு வரணுமாம்." நாள் ஆவதற்குள் அவசரப்பட்டுப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயரும் குழாயுமாகக் கிடப்பவளுக்கு எந்தக் கடையில் சட்டை விற்கிறார்கள்? ஒரு கடைக்காரர் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். விலையைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். அலமாரியில் என் பழைய டி-ஷர்ட்கள் கிடக்கின்றன, துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல ஆனவை. கார் சீட்டுக்கே கவர் தைக்கிறவன், பெற்ற பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்க மாட்டேனா?

ஜூன் 4

வாய்ச்சவடால். ரெக்சின் சொன்ன பேச்சு கேட்கும். பனியன் துணி இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் ஓடுகிறது. பட்டறை ஊசி துளை துளையாகப் போட்டு ஒரு டி-ஷர்ட்டே வீண். மெல்லிய ஊசி வாங்கி மாட்டினேன். தையல் மடிப்பு உடம்பில் உரசக் கூடாதென்று வெளிப்பக்கம் விட்டேன். பொத்தான் வேண்டாம், துணியை மெல்லிய பட்டையாக வெட்டி இழுத்தால் தானே சுருண்டு நாடாவாகிறது, அதை முடிந்துகொள்ளலாம். ஒயர் வெளியே வரப் பக்கத்தில் திறப்பு.

முடித்து உள்ளங்கையில் விரித்தேன். அடங்கிவிட்டது. இவ்வளவுதானா அவள்?

ஜூன் 5

நர்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என்னப்பா இது, குழந்தைய மூட்டை கட்டவா போறீங்க? மூச்சு விட இடம் வேணாமா?"

சீட் கவர் புத்தி. சீட்டைவிட ஒரு விரல் குறைத்து வெட்டி இழுத்து மாட்டினால்தான் கவர் சுருக்கமில்லாமல் நிற்கும். கை பழக்கத்தில் அப்படியே வெட்டியிருக்கிறது. சீட் மூச்சு விடாது, அது எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் சொன்னதும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஜூன் 6

தளர்வாக இரண்டு தைத்தேன். வெந்நீரில் அலசி, வாசனைப் பவுடர் எதுவும் போடாமல் காயவைத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 11

மூச்சு நின்னுடுச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். பாப்பா நான் தைச்ச சட்டையைத்தான் போட்டிருந்தா. நெஞ்சு ஏறி இறங்குறது துணி மேல தெரியும், அது தெரியல. மெஷின் கத்துச்சு. நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டினாங்க. சுண்டினதும் மூச்சு வந்துடுச்சு. "முந்திப் பிறந்ததுங்க சில நேரம் மூச்சு விட மறந்துடும்"னு சாதாரணமா சொல்றாங்க. மறக்குமா? மூச்சையா?

சட்டை இறுக்கமா இருந்துச்சோ? இல்லை என்கிறார்கள். நம்ப முடியவில்லை.

ஜூன் 12

பக்கத்துப் பெட்டி காலி. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 17

"அடுத்த அளவுல ரெண்டு வெட்டி வையுங்க" என்றாள் மனைவி. "பார்க்கலாம்" என்றேன். பட்டறைக்கு வந்து பழைய அளவிலேயே இன்னும் நாலு தைத்தேன். பெரிய அளவுக்குத் துணியை விரித்தேன், கத்தரிக்கோலையும் எடுத்தேன். முடியவில்லை. வெட்டி வைத்து, போட ஆளில்லாமல் போனால்? அந்தச் சட்டையை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

ஜூன் 20

அவள் கண்டுபிடித்துவிட்டாள். "எல்லாம் ஒரே அளவு! ஏன்?" காரணத்தைச் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள். பிறகு, "எனக்கும்தான் பயம். அதுக்குன்னு அவ வளராம இருப்பாளா?" என்றாள்.

ஜூன் 29

மறுபடி ஒரு முறை மெஷின் கத்தியது. பாப்பா உடம்பிலிருந்து ஒரு ஒயர் கழன்றுவிட்டதாம்.

ஜூலை 4

நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கையில் என் சட்டை.

"இதுல கை நுழையல. வேற எங்கே?"

"வேற... இல்லைங்க."

"இல்லையா? பாப்பா ஒரு சுத்து பெருத்துட்டா, நீங்க பார்க்கலையா? துண்டைச் சுத்திப் படுக்க வச்சிருக்கேன். இந்த அளவுலயே அரை டஜன் தைச்சு எதுக்கு, பொம்மைக்கா?"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். இருந்த டி-ஷர்ட்களை மேஜையில் கொட்டினேன். முதலில் இன்றைக்கு வேண்டியது. அப்புறம் அதைவிடப் பெரிது ஒன்று. பட்டறையில் கார் நசுங்கல் தட்டும் டிங்கர் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து பெரியதைத் தூக்கிப் பார்த்தார்.

"குழந்தை சின்னதுன்னு சொன்னே? இது எதுக்கு?"

"இது அடுத்த மாசத்துக்குண்ணே" என்றேன்.

சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து சட்டையைத் திரும்ப வாங்கினேன். மீதியிருந்த இன்னொரு சட்டைக் கையையும் தைத்து முடித்தேன்.