துண்டு மறைத்த சுவிட்ச்

எழுந்ததும் இதைப் படி. டிபன் மூடி வச்சிருக்கேன்.

பத்து மணிக்கு மீட்டரைச் சோதிக்கிறவர் வருவார். கரண்ட் பில் எகிறினதுக்கு மீட்டர் மேல குத்தமில்லைன்னு சொல்லி அனுப்பிடு. உன் தையல் மெஷின் மேலயும் இல்ல.

விடிகாலையில எல்லாத்தையும் அணைச்சேன். நான் திட்டின கோபத்துல நீ கழட்டி வச்ச மோட்டாரை மாட்டி, மெஷினை மீட்டருக்கு எதிர்ல இழுத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். மீட்டரோட சிவப்பு விளக்கு நிமிஷத்துக்கு மூணு தடவைதான் சிமிட்டுச்சு. அப்புறம் கெய்சர் போட்டேன். ஐம்பத்து மூணு! எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு.

நீ ஒரு முழுச் சட்டை தைக்கிற கரண்ட்ல எனக்கு ஒரு சொம்பு வெந்நீர்தான் கிடைக்கும். இவ்வளவு நாள் இது எனக்குத் தெரியாமலே உன்னோட சண்டை போட்டிருக்கேன்.

கெய்சர் சுவிட்ச் மேலதான் என் ஈரத்துண்டைப் போடுவேன். அதுக்கு அடியில சுவிட்ச் அணையாமலே ராவும் பகலும் கெய்சர் ஓடியிருக்கு. இனி துண்டு கொடியிலதான்.

முட்டி வலிக்கக் காலால மிதிக்காதே. பெல்ட்டை இறுக்கியே மாட்டியிருக்கேன்.

பி.கு. வெட்டுத்துணியில இருக்கிற கோணல் தையல் என்னுது. ஒரு சாண் என்னால நேரா ஓட்ட முடியல. நீ எப்படித்தான் தினம் அஞ்சு சட்டை தைக்கிறியோ.