காலி என்றால் திருடன்

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் பழக்கம். இந்த முறை கை வரவில்லை. நீ சுகமா என்றும் தெரியவில்லை. நீயாக எழுதினால்தானே தெரியும்.

இவன் ஏன் பேப்பரில் எழுதுகிறான் என்று சிரிக்காதே. என் போனை மின் நிறுவனத்தின் பறக்கும் படை எடுத்துக்கொண்டு போய்விட்டது. யார் யாரோடு பேசினேன் என்று பார்க்கிறார்களாம்.

போன வாரம் தெருவில் வண்டி வந்து நின்றது. வீடு வீடாகப் போய் மீட்டரின் கண்ணில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் 'மூடி திறக்கப்பட்டது' என்று காட்டியது. அவற்றைக் கழற்றி, பையில் போட்டு, முத்திரை வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். கம்பத்திலிருந்து தெருவுக்கே இணைப்பையும் வெட்டிவிட்டார்கள். தெரு முழுக்க மின்திருட்டு வழக்கு. எல்லா வீட்டுக்கும் வயரிங் செய்தவன் நான் என்பதால் நான்தான் தலைவனாம். விசாரணை முடியும்வரை என் லைசென்ஸ் அவர்கள் கையில்.

"சீல் உடையவே இல்லையே சார், பாருங்க" என்றேன்.

"அதான்யா உன் கைத்திறமை" என்றான் அந்த அதிகாரி. பாராட்டியதாகவே வைத்துக்கொண்டேன்.

நம் வீடு அன்று பூட்டியிருந்தது. மீட்டர் கம்பிக் கதவுக்கு உள்ளே இருப்பதால் தப்பித்தது. ஆனால் உள்பேட்டரியில் மினுங்கும் அதன் திரையிலும் அதே எழுத்துதான் ஓடுகிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. உன் அண்ணி மேல் ஆணை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீட்டர் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் நினைவகச் சிப் உங்கள் கம்பெனியுடையது என்று. நீ அங்கே சோதனைக்கூடத்தில்தானே இருக்கிறாய். யாரும் தொடாமல் உள்ளே இருக்கிற தகவல் மாறுமா, மாறாதா? கம்பெனிக்காரியாக யோசிக்காமல் தங்கச்சியாக எழுது.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி எப்படி இருக்கிறாள்? மின்விசிறிகூட இல்லாமல் அந்தத் தகர அறையில் எப்படிப் படுக்கிறீர்கள்?

கேட்டதற்குப் பதில்: மாறும். நம்ப மாட்டாய், இருந்தாலும் பொறுமையாகப் படி.

சிப்புக்குள் கோடிக்கணக்கான குட்டி அறைகள். ஒவ்வோர் அறைக்குள்ளும் கொஞ்சம் எலக்ட்ரான்களைப் போட்டு அடைத்து வைப்போம். எலக்ட்ரான் இருந்தால் ஒரு தகவல், இல்லாவிட்டால் இன்னொன்று. அறையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஒரு சுவர். அதைத் தாண்டிக் குதிக்கும் அளவுக்கு எலக்ட்ரானிடம் ஆற்றல் கிடையாது. மேட்டில் உருட்டிவிட்ட பந்து பாதி ஏறித் திரும்பி வருகிற மாதிரி, அது திரும்பத்தான் வேண்டும். பந்தானால் எத்தனை முறை உருட்டினாலும் திரும்பும். எலக்ட்ரான் பந்து இல்லை. அது எங்கே அகப்படும் என்பதை ஓர் அலைதான் தீர்மானிக்கிறது. அந்த அலை சுவரின் முகத்தில் பட்டதும் நின்றுவிடுவதில்லை. சுவருக்குள்ளும் போய்த் தேய்ந்துகொண்டே வரும். முழுக்கத் தேய்வதற்குள் சுவர் முடிந்துவிட்டால் மிச்சம் மறுபக்கம் தலைகாட்டும். அந்த மிச்சம் எவ்வளவோ அவ்வளவு வாய்ப்பு, எலக்ட்ரான் வெளியே இருப்பதற்கு. குதிக்கவில்லை, துளைக்கவில்லை, சுவரிலும் கீறல் இல்லை. ஆனாலும் வெளியே.

புத்தகங்களில் இதைச் 'சுரங்கம்' என்கிறார்கள். மோசமான பெயர். யாரும் எதையும் தோண்டுவதில்லை.

நீ சுவரில் முட்டினால் மறுபக்கம் போவாயா என்று கேட்பாய், தெரியும். உன் உடம்புக்கு இந்தப் பிரபஞ்சத்தின் வயது போதாது அண்ணா. எடையும் சுவரின் கனமும் கூடக்கூட வாய்ப்பு அதலபாதாளத்துக்குப் போய்விடும். எலக்ட்ரானுக்கோ எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் சுவரும் மெல்லியது.

நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. இங்கே என் மேஜை மேல் இருப்பதை எல்லாம் யாராவது பார்த்தபடி இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைக்கூட வெளியே போய்த்தான் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 27

அன்புள்ள பாப்பா,

உன் பாடத்தை மூன்று முறை படித்தேன். விசாரணை அதிகாரியிடம் உன் பெயர் சொல்லாமல் ஒப்பித்தேன். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏறிக் குதிக்கல, ஓட்டையும் போடல, ஆனா வெளிய போயிடுச்சு. பேயாய்யா அது?" பக்கத்திலிருந்த எழுத்தர் சிரித்ததில் பேனா கீழே விழுந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டு மீட்டர் இன்னும் என்கிட்டதான் இருக்கு, அதை வெச்சு நிரூபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் உன் பதில் பிடிக்கவில்லை. 'யாரும் செய்யவில்லை, தானாக நடந்தது.' நான் வேலை பார்த்த கட்டடத்தில் சாரம் சரிந்து ஆள் செத்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். கொதிகலன் வெடித்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். தானாக நடப்பதெல்லாம் ஏன் எங்கள் தலையிலேயே நடக்கிறது? எதிர்ச் சாலையில் அடுக்குமாடி இருக்கிறது. அங்கேயும் இதே மீட்டர்தான், நானே மாட்டினேன். அங்கே ஒருவர்கூடத் திருடர் இல்லை. உன் எலக்ட்ரானுக்கு வாடகை வீடும் சொந்த வீடும் தெரியுமோ?

இன்னொன்று. அறை காலியானால் அது 'தெரியவில்லை' என்றுதானே காட்ட வேண்டும்? 'திறந்தான்' என்று ஏன் காட்டுகிறது? காலி என்றால் திருடன் என்று முடிவு செய்தது யார்?

தெருவில் என் பேச்சு எடுபடவில்லை. எதிர்வீட்டு டெய்லர் அக்கா தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உன் தங்கச்சிக்கு அந்தக் கம்பெனி சம்பளம். நீ எங்க கூட நிக்கிறியா, அவங்க கூட நிக்கிறியா?" மோட்டார் தையல் மெஷின் ஓடாமல், கால்மிதி மெஷினில் மிதித்து மிதித்து அவள் முட்டி வீங்கியிருக்கிறது. அவள் கேட்டதையே நான் உன்னைக் கேட்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

யார் பக்கம் என்று கேட்டிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே என்று முதலிலேயே எழுதிவிட்டுக் கேட்டால் கோபம் வராது என்று நினைப்பு உனக்கு. வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பேனா எடுத்தேன்.

நீ கேட்ட இரண்டும் சரியான கேள்விகள். அடுக்குமாடியில் மீட்டர்கள் அடித்தளத்தில், நிழலில் இருக்கின்றன. உங்கள் தெருவில் மேற்கு வெயில் அடிக்கும் தகரத்தில் அறைந்திருக்கிறார்கள். வெறும் சூடு இந்த ஊடுருவலைப் பெரிதாக மாற்றாது. ஆனால் வருஷக்கணக்கில் வெந்தால் அந்த மெல்லிய சுவருக்குள் குறைகள் விழும். எலக்ட்ரான் பாதி வழியில் அந்தக் குறையில் தங்கி, அங்கிருந்து மிச்சப் பாதியைக் கடக்கும். ஒரு தடித்த சுவர் இரண்டு மெல்லிய சுவராக மாறிவிட்டது என்று வைத்துக்கொள். கசிவு பல மடங்காகும்.

'யாரும் செய்யவில்லை' என்று நான் எழுதவில்லை. எந்த எலக்ட்ரான் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது உண்மை. ஆனால் கூட்டமாக எத்தனை போகும் என்று கணக்கிட முடியும். எவ்வளவு சூட்டுக்கு மேல் இதைப் பொருத்தக் கூடாது என்று சிப்போடு எழுதியே கொடுக்கிறோம். அதைப் படித்துவிட்டும் தகரத்தில் அறைந்தவர்கள் இருக்கிறார்கள்.

காலி என்றால் திருடன் என்பது மீட்டரை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவு. விசாரித்தேன். திருடுகிறவன் முதலில் நினைவகத்தைத்தான் அழிப்பான், அதனால் காலியாக இருந்தால் திறந்ததாகவே கொள்வோம் என்று வைத்தார்களாம். சிப் தானாகக் காலியாகும் என்பது முடிவெடுத்த அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மீட்டர் வைத்திருப்பவன் திருடுவான் என்பது எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

இதை நிரூபிக்க வழி உண்டு. மூடியைத் திறந்தால், திறந்ததைக் குறித்து வைக்கும் ஓர் அறைதான் மாறும். கசிந்திருந்தால் அக்கம்பக்கத்து அறைகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வற்றியிருக்கும். ஒவ்வொன்றிலும் மிச்சம் எவ்வளவு என்று அளக்கலாம். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை அளந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நம் வீட்டு மீட்டரை அப்படியே அனுப்பு. சீலைத் தொடாதே. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதே. சாட்சிகள் முன்னால் அவர்தான் திறக்க வேண்டும்.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 19

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. மீட்டர் கம்பெனியின் வக்கீல். நல்ல சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு. உன் அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, உங்ககிட்ட ஒரு மீட்டர் இருக்காமே?" என்று ஆரம்பித்தார். பிறகு, "தெருக்காரங்க கேட்டுக்கிட்டாங்க, வேற வழியில்லாம செஞ்சேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. உங்க லைசென்ஸ் உங்க கைக்கு வரும். அவங்க பாடு அவங்களோட" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். பொய் சொல்ல மாட்டேன், யோசிக்கவும் செய்தேன். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் நிறைய.

ஆனால் அதைவிட அதிகம் யோசித்தது வேறு விஷயம். என்னிடம் மீட்டர் இருப்பது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? நீ கேட்ட அதே வாரத்தில் அவரும் எப்படிக் கேட்டார்? நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே நினைத்துப் பார்.

மீட்டரைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடியே.

அண்ணன்


மே 2

அண்ணா,

பார்சல் வந்தது. அதைப் பிரிக்காமல் பேராசிரியையின் மேஜைக்கு எடுத்துப் போனேன். இரண்டு வெளி ஆட்களைச் சாட்சியாக உட்கார வைத்திருந்தார். ஒருவர் படம் எடுத்தார். விளக்கைத் திருப்பி வைத்துச் சீலைப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்தார். "இதை வெட்டிட்டு மறுபடி ஒட்டியிருக்காங்கம்மா" என்றார்.

ஸ்க்ரூத் தலைகளில் புதுக் கீறல். உள்ளே சிப் பொருத்தியிருந்த போர்டு இந்த மீட்டருடையதே இல்லை, வேறு ஏதோ பழைய மாடல். அசல் போர்டை நீ எடுத்து வைத்துக்கொண்டாய். நான் அதைக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவேன் என்று பயந்து.

மீட்டர் உன்னிடம் இருப்பதை விசாரணை அறையில் நீயே சவால் விட்டுச் சொன்னதாக எனக்கு எழுதியிருந்தாய். வக்கீலுக்கு அது அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும். அது உனக்கு நினைவுக்கு வரவில்லை. என் மேல் சந்தேகம் மட்டும் வந்திருக்கிறது.

போர்டை இனி அனுப்பிப் பயனில்லை. யார் கையில் இருந்தது, என்ன ஆனது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 'மூடி திறக்கப்பட்டது' என்று நம் வீட்டு மீட்டர் சொன்னது பொய்யாக இருந்தது. நீ அதை உண்மையாக்கிவிட்டாய்.

திட்டி முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒரே வழி. தெருவிலிருந்து அள்ளிக்கொண்டு போன மீட்டர்கள் எல்லாம் முத்திரை கலையாமல் விசாரணை அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றை வெளி ஆளை வைத்து அளக்கச் சொல்லி, எதற்காக என்பதை யாராவது நேரில் வந்து விளக்க வேண்டும். நான் வருகிறேன். மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "போனீங்கன்னா அப்படியே போயிடுங்க" என்றார். வாயால்தான், எழுத்தில் தர மாட்டார்.

ஆனால் நான் சாட்சி சொல்ல உட்கார்ந்தால் அந்த வக்கீல் முதலில் கேட்கப்போவது, உங்கள் அண்ணன் மீட்டரைத் திறந்தாரா என்பதைத்தான். பொய் சொல்ல மாட்டேன். அத்துடன் உன் லைசென்ஸ் போய்விடும். வழக்கும் உன் மேல் தனியாக நிற்கும். நான் வராவிட்டால், வக்கீல் சொன்ன பேப்பரில் நீ கையெழுத்துப் போட்டுத் தப்பிக்கலாம்.

வரட்டுமா, வேண்டாமா? நீ எழுதுகிறபடி செய்கிறேன்.

பாப்பா


மே 11

அன்புள்ள பாப்பா,

நான் திறந்ததை முதலில் உன் அண்ணியிடம் சொன்னேன். பிறகு டெய்லர் அக்காவிடம். அவள் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். "எங்க எல்லாரையும் திருடங்கன்னு பறக்கும் படைக்காரன் சொன்னான். ஒருத்தரும் திறக்கல. தெருவுலேயே திறந்த ஒரே ஆளு நீதான், அதுவும் சொந்தத் தங்கச்சிய நம்பாம" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. சிரித்தாள்.

வக்கீல் நேற்றும் வந்தார். பேப்பரைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார், என் பெயருக்குக் கீழே கோடு போட்டு. உட்காரச் சொல்லவில்லை, வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ வா.

வருகிற அன்று நேராக விசாரணை அலுவலகத்துக்குப் போய்விடு. வீட்டுக்கு வராதே. வழியில் என்னைப் பார்த்தாலும் நிற்காதே. பேசி வைத்துக்கொண்டு வந்தோம் என்பார்கள். டெய்லர் அக்கா வாசலில் நிற்பாள், உள்ளே கூட்டிக்கொண்டு போவாள். அலையைப் பற்றி எனக்கு எழுதிய மாதிரியே மெதுவாகச் சொல். அந்த அதிகாரி சிரித்தால் சிரிக்க விடு. மீட்டர்களை அளக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதே.

உனக்கு இவர் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அண்ணன் என்று சொல். மீட்டரைத் திறந்தாரா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல். இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிடு பாப்பா, எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
அண்ணன்