வாஷர் போன மேசை
வெர்லின்,

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. எழுதுகிற மேசை ஆடுகிறது. அதன் காலில் இருந்த இரும்பு வாஷர்களைக் கழற்றி, உன் பழைய வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்துவிட்டாய் அல்லவா? "கடைச் சாமான் எதுக்கு டார்லா? ரெண்டு வாஷர், ஒரு டிரில் போதும். இனிமே கியர் வழுக்காது, பட்டுனு விழும் பாரு!" என்றாய். விழுந்தது. சர்ச் விருந்துக்குச் சுட்ட செர்ரி பை பலகாரம் என் மடியில் விழுந்தது. பின்சீட்டில் உன் அம்மா ஒவ்வொரு சிக்னல் தாண்டும்போதும், "எவன்டா அது, பின்னால வந்து இடிக்கிறான்?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஃப்ரிட்ஜில் மீட்லோஃப் இருக்கிறது. சுடவைத்துக்கொள். மஃபின் தட்டில் உன் கியர் பெட்டியின் எஃகுக் குண்டு ஒன்று மிச்சம் கிடக்கிறது. அது வேண்டாத குண்டாம். வண்டி செய்தவனுக்கே தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டது, சந்தோஷம்.

பதினொரு மணிக்கு உன் கூட்டாளி லாயிட் வருவான். வண்டியில் ஒரு சுற்றுப் போகவேண்டுமாம். வண்டி இல்லை என்று சொல்லிவிடு.

சாவியைத் தேடாதே. லைமா ஊருக்கு, என் அக்கா வீட்டுக்கு, வண்டியை நான்தான் எடுத்துப்போகிறேன்.

டார்லா

பி.கு: "பழையபடி மாற்றிவை, அதுவரை என்னோடு பேசாதே" என்று நேற்றுக் காலை கத்தினேன். பிறகு பால் வாங்கப் போனபோது, ஆளில்லாத சோளக்காட்டு ரோட்டில் ஒரு மிதி மிதித்தேன். இரண்டாவது கியர் கொடுத்த உதையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இன்னொன்று: கியர் பெட்டிக்குள் இருக்கும் அந்த வாஷர்களில் கை வைத்தாயோ, தொலைந்தாய். மேசைக்கு அட்டையை மடித்து வை.