ஜெபியை நம்பினோம்

வெள்ளி இரவு.

இன்று டியூஷன் சார் மேல் புகார் கொடுத்துவிட்டோம்.

என் எட்டு வயது மகள் ஜெபி நேற்றுச் சாயங்காலம், "சார் என்னைய தொடக்கூடாத இடத்துல தொடுகாரு. அம்மைட்ட சொல்லப்பிடாதுன்னாரு" என்றாள்.

துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஊர் வாய்க்குப் பயந்து மறைக்கச் சொல்வாரோ என்று நினைத்தேன். "பிள்ள சொல்லியாச்சுல்லா, பொறவு என்ன யோசன? நாளைக்குக் காலத்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ" என்றார்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா மைனியின் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது. இன்று காலையில் விஷயத்தைச் சொன்னதும், "நீ ஒத்தைக்குப் போவாண்டாம்" என்று செருப்பை மாட்டினாள். வழியில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களையும் கூப்பிட்டாள். ஒருத்தியும் பின்வாங்கவில்லை. எங்கள் பாஸ்டரும் ஸ்டேஷனுக்கு வந்து நின்றார்.

மத்தியானம் ஒரு பெண் அதிகாரி சாதாரணச் சுடிதாரில் வீட்டுக்கே வந்தார். ஜெபி என் மடியிலிருந்தபடியே எல்லாம் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் சாரைக் கைது செய்துவிட்டார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது ஜெபி கேட்டாள், "அம்மா, என்னைய ஏசுவியா?"

"எதுக்கு மக்கா? நீ சொன்னதுதான் நல்லது."

பிறகு இன்னும் கொஞ்சம் மீன்கறி கேட்டாள்.

வழக்கு எப்படிப் போகுமோ. இப்போது ஜெபி என் மேல் காலைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாள். எனக்கும் கண் சொக்குகிறது.