இல்லை என்று எழுதத் தெரிந்தவளுக்கு

உன் குளிர் அங்கியை உன் அம்மா நேற்று என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊர் நெடுங்காட்டின் சித்திரை வெயிலில் எவருக்கும் பயன்படாத அந்தக் கம்பளி உடை, அந்துருண்டை வாசனையோடு என் நாற்காலியில் கிடக்கிறது. நீ மறைந்து ஓராண்டு ஆகிறது. அதைக் கண்டதும் துக்கம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் முந்திக்கொண்டது.

அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நம் இருவருக்கும் ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. நீ கல்லூரியில் பயின்றவள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எஞ்சியவற்றைத் தனியே படித்துத் தேறியவள். ஆதலால் என் வெற்றியே பெரிதென்று உள்ளூர எண்ணியிருந்தேன். நிதியுதவிக்கான கடிதம் ஒன்றே பாக்கி. குடும்ப நிலையை விளக்கி ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இருவர் கடிதத்தையும் நானே எழுதினேன். காரைக்கால்மேட்டில் உங்கள் வீட்டு வாசலில் அமர்ந்து நீ வாசித்தாய். உன் தந்தையைக் ‘கடலை ஆளும் மரபினர்’ என்று குறித்திருந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“ஏன்டி, எங்கப்பா அடுத்தவரு போட்டுல கூலிக்குப் போறாரு. இதப் படிச்சா அவங்க நம்மகிட்ட நன்கொடை கேப்பாங்கடி!”

“நம்ம வீட்டு இல்லாமைய ஊரான்கிட்டச் சொல்லணுமாக்கும்?”

“இல்லன்னாத்தானே கேக்குறோம்?”

என் தாளை மடித்து வைத்துவிட்டு நீயே ஐந்து வரி எழுதினாய். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இல்லை, சொந்த வீடு இல்லை, பயணச்சீட்டுக்கும் வழியில்லை. படிக்கவே எனக்குக் கூசியது. என் கடிதத்தை நான் மாற்றவில்லை. குத்தகை நிலத்தையும் தண்ணீர் வராத வாய்க்காலையும் நம்பியிருந்த எங்களை, ‘காவிரிப் பாசனத்தில் தொன்றுதொட்டு வேளாண்மை செய்துவரும், எவரிடமும் கையேந்தாத குடும்பம்’ என்று எழுதி அனுப்பினேன்.

உனக்கு முழு உதவித்தொகை கிடைத்தது. எனக்கு வந்த பதில் மிக மரியாதையானது: தங்கள் குடும்பத்தால் செலவை ஏற்க இயலும் என்று கருதுகிறோம். ஒரு சொல்லைக்கூட ஐயுறாமல் என்னை நம்பிவிட்டார்கள்.

போக மனமில்லை என்றே ஊராரிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். பனியில் நின்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி, நீ இளைத்திருக்கிறாயா என்று தேடுவேன். அக்கறையினால் அன்று.

நேற்று உன் அம்மா சொன்னார்: “நீ எழுதிக் குடுத்த லெட்டராலதான் படிச்சேன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவாம்மா. அதான் இத ஒன்கிட்டயே குடுக்கணும்னு எடுத்தாந்தேன்.”

நீ அப்படிச் சொல்லி வந்தது எனக்குத் தெரியாது. பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாய். அந்தப் பெருமையை வைத்துக்கொள்ள எனக்கு மிகுந்த ஆசை. மறுத்துரைக்க உலகில் இனி எவருமில்லை.

“இல்லம்மா. நான் எழுதுனத அவ எடுத்துக்கவே இல்ல. அது அவளா எழுதுனது.”

“அப்ப ஒன் லெட்டர் என்னாச்சு?”

“காசு இல்லன்னு எழுத வெக்கப்பட்டேன். அதான் கெடைக்கல.”

அம்மா அங்கியை என் நாற்காலியில் வைத்தார். “அவகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே, தாயி” என்றார்.

இதோ, சொல்லிவிட்டேன். பொறாமை தீர்ந்தது என்று சேர்த்தால் மடல் அழகாக முடியும். தீரவில்லை.