தண்ணீரை நிறுத்திய பிறகும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, இரண்டு முறை அறை மாற்றியும் விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை சுவரை உடைத்துப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதை முழுக்கப் படிக்காமல் சுத்தியலைத் தொடாதே. ஆஸ்பத்திரி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே போனை வைத்துவிடுகிறவன் நீ. கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அண்ணனுக்கு நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம். அவர்தான் சொல்லாதே என்றார். மூன்று மாதம் முன்பு எங்கள் சமையலறையிலும் அதே சத்தம் வந்தது. தளக், தளக். யாரோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. முப்பது வருஷமாகப் பிளம்பராக இருப்பவர் வீட்டிலேயே ஒழுகலா என்று அவருக்கு மானம் போய்விட்டது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் ஜாயின்ட்டைக் கழற்றினார். காய்ந்து கிடந்தது. குளியலறை டைல்ஸைப் பெயர்த்தார். ஒன்றுமில்லை. படுக்கையறையில் கேட்கிறது என்று அங்கே சுவரைக் கொத்தினார். அவர் ஸ்பானரோடு போகிற அறையில்தான் சத்தம் இருந்தது. அவர் போகாத அறை அமைதியாக இருந்தது. அது அப்போது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

இதற்கிடையில் ஆள் உருகிக்கொண்டே வந்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டார். இரண்டு வாய் வைத்ததும் வயிறு நிறைந்துவிட்டது என்பார். ஒரு நாள் வாந்தி எடுத்தார். மூன்று நாள் முன்பு நான் சமைத்த பட்டாணி முழுசு முழுசாக வந்தது. வெளியே கண்டதைத் தின்றால் இப்படித்தான் என்று கத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் ஒரு மத்தியானம், தெரு வால்வை மூடி, மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்து, எல்லாக் குழாயையும் திறந்து விட்டார். நடுக்கூடத்தில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. ஸ்பானரை எடுக்கத் திரும்பினார். தளக்.

“வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அப்ப இது எங்கேருந்து வருது?” என்றார்.

இன்னொரு தடவை திரும்பச் சொன்னேன். கேட்டது. அசையாமல் நிற்கச் சொன்னேன். சத்தம் நின்றுவிட்டது. கிட்டே போய் அவர் வயிற்றில் கை வைத்தேன். என் உள்ளங்கைக்கு அடியில் தண்ணீர் புரண்டு படுத்தது, தம்பி. அவர் வயிற்றைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாகக் குலுக்கினார். அறை முழுக்கக் கேட்டது. நர்ஸ் எழுந்துபோய் மூலையில் இருந்த குழாயை மூடப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது.

இரைப்பையின் வெளிவாசல் சுருங்கிவிட்டதாம். நாள் கணக்கில் சாப்பிட்டது எல்லாம் கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. முதுகுவலிக்கென்று வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரையால் புண் வந்து, அது ஆறும்போது தழும்பு இறுகி வாசலை நெரித்திருக்கிறது. எந்த மாத்திரை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அட்டையிலிருந்து நீயும் அவரும் ஆளுக்கொன்று கிள்ளிப் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பயப்படாதே, கத்தியே வைக்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தேங்கியதை எல்லாம் இறக்கினார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, சுருங்கிய இடத்தில் சின்ன பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள். கிள்ளி எடுத்துச் சோதித்த சதையில் கெட்டது எதுவும் இல்லை. விழித்ததும் அண்ணன் வயிற்றைத் தடவித் தையலைத் தேடினார். எத்தனை இன்ச் பலூன் என்று டாக்டரம்மாவிடமே விசாரித்தார். இரண்டு தடவை விரித்தாயிற்று, இன்னும் ஒரு தடவை இருக்கிறது. குழைந்த சோறு ஒரு கிண்ணம் சாப்பிடுகிறார். வீட்டில் இப்போது சத்தம் இல்லை.

சத்தம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். போன வாரம் நீ பேசும்போது, இரு அண்ணி, பேனா கீழே விழுந்துவிட்டது என்று குனிந்தாயே, அப்போது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் சாப்பிடவில்லை.

அந்த மாத்திரையைத் தூக்கி எறி. சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆனபிறகு, பக்கத்தில் குழாயே இல்லாத ஒரு வெட்டவெளிக்குப் போ. தனியாக நின்று இடுப்பை ஒரு குலுக்குக் குலுக்கு. ஒன்றும் கேட்காவிட்டாலும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, அண்ணிக்குப் பைத்தியம் என்று ஆயுசுக்கும் கேலி செய். கேட்டால் அறைக்குத் திரும்பாதே. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

நீ நன்றாக இருக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று உன் கையால் ஒரு வரி வந்தால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணி

கீழே இருப்பது அண்ணன் கையெழுத்து. உடம்பில் இன்னும் தெம்பு வரவில்லை, கோணலாக இருக்கும்.

டேய், சுவத்துல ஒண்ணும் இல்லடா. நான் எல்லாத்தையும் உடைச்சுப் பாத்துட்டேன். கிளம்பு.